நான்காம் விதி

சைக்கிள்கள் துருப்பிடிக்கும் மூலைக்குப் பின்னால்
பழைய மீட்டர் பெட்டிகள் கிடந்த அறையை
நகர மன்றம் எங்களுக்கு விட்டுக்கொடுத்தது,
இரண்டு வருடக் கடிதங்களுக்குப் பிறகு.
ஈசூனில், எங்கள் புளோக்கின் கீழ்த்தளம்.
ஜன்னல் கிடையாது. ஒரு மின்விசிறி.
யாரோ இறக்கிவைத்துப் போன சோஃபா,
அதன் உடைந்த காலுக்குப் பதில்
ஒரு டெலிபோன் புத்தகம்.

"நமக்குள்ள பேச ஓர் இடம்" என்றார்
ஐந்தாம் மாடி கோ செங் ஹுவாட்.
மேல்வீட்டுத் துணி சொட்டினால்
புகார் எழுதாமல்
முகத்தைப் பார்த்துச் சொல்ல.
மின்தூக்கியில் மூத்திரம் போவது யார் என்று
ரொஸ்னாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது,
அதை மூன்று மாதமாகத் தனியே சுமந்திருந்தாள்.

விதிகளை நான்கு மொழியிலும் எழுத வேண்டும்.
தமிழ்த் தாள் என்னிடம் வந்தது,
என் கையெழுத்து குண்டாக இருக்கும் என்பதால்.

ஒன்று: உள்ளே பேசியது வெளியே போகாது.
இரண்டு: காப்புறுதி விற்கக் கூடாது.
(எல்லாரும் பன்னீரைப் பார்த்தார்கள்.
பன்னீர் மின்விசிறியைப் பார்த்தார்.)
மூன்று: செருப்பு.
வெளியிலா உள்ளேயா என்பதில்
நாற்பது நிமிடமும்
ஒரு தகரம் பிஸ்கட்டும் போயின.

கதவுக்கு எண் பூட்டு. நான்கு இலக்கம்.
நான்கு என்ற இலக்கம் மட்டும் வேண்டாம் என்றார் கோ.
போன புதன்கிழமை ஆறுதல் பரிசு விழுந்த எண்ணைப்
பன்னீர் சொன்னார், யாரும் மதிக்கவில்லை.
கடைசியில் 8163 என்று முடிவானது.
அன்று மாலையே கோ அதில் பெரிசு இரண்டு வெள்ளி,
சிறிசு இரண்டு வெள்ளி கட்டினார்.
விழவில்லை.
பூட்டை மாற்றலாமா என்று அடுத்த வாரம் கேட்டார்.

நான்காம் விதிக்கு விவாதமே இல்லை.
"சொந்த வீட்டுக்காரங்க மட்டும்னு போடும்மா"
என்றார் ஆரோக்கியநாதன்,
"வாடகைக்காரங்க வருவாங்க, போவாங்க."
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை,
பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடிதான் சொன்னார்.

எழுதினேன்.
சொந்த வீட்டுக்காரர்கள் ம
என்பது வரைக்கும் எழுதினேன்.

ஒன்பதாம் மாடி, நடைபாதைக் கடைசி வீடு.
வீட்டுக்காரர் பெர்த்தில்.
ஆறு வருடமாக மாதம் முதல் தேதி
அவருக்குப் பணம் போகிறது,
ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது.
யாரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

கதவருகே ஷஃபிகுல்
துடைப்பத்தைச் சாய்த்துவைத்து நின்றிருந்தான்,
நாங்கள் எழுந்தால் கூட்டிவிட்டுப் போக.
சோஃபாவின் கைப்பிடியில்
பன்னீரின் அம்மாவுக்கு மருந்து எடுத்துவந்த மரிசெல்,
உட்காராமல், உட்கார்ந்தது போல.

மட்டும் என்று எழுத ஒரு டகரம் போதும்.
என் கை வேறு பக்கம் திரும்பியது.

மறறும்

அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.
தாளின் ஓரம் வரைக்கும் வெள்ளை.

அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.
பன்னீர் தன் விதியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்.
ஆரோக்கியநாதன் கண்ணாடியை மாட்டினார்,
முப்பது வருடம் துறைமுகத்தில்
சரக்குச் சீட்டு சரிபார்த்த கண்.
விரல் முதல் விதியிலிருந்து இறங்கி
நான்காவதில் நின்றது.
பேனாவைக் கேட்டார்.
கொடுத்தேன்.

என் கழுத்து வியர்த்தது.
மின்விசிறி எல்லாருக்கும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து,
நான் விட்டுவிட்ட புள்ளியை
முதல் றகரத்தின் தலையில் வைத்தார்.
அவ்வளவுதான்.
பேனாவை மூடி என் பக்கம் உருட்டினார்.

நான்கு தாளும் கதவில் ஒட்டியாயிற்று.
கோ தன் சீனத் தாளையும் எங்கள் தாளையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"உங்கள் நாலாம் வரியில்
ஏன் இவ்வளவு காலி இடம்?"

"எங்க மொழியில அதைச் சொல்ல
அவ்வளவு இடம் பிடிக்கும்"
என்றார் ஆரோக்கியநாதன்,
செருப்பை மாட்டிக்கொண்டே.