ஐந்து கிராம்

பெரியாஸ்பத்திரியில் பிறந்த அன்று
எனக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை.
பதிவேட்டில் 'பெண்' என்று எழுதி
தகப்பன் ஒச்சப்பன் என்று முடித்துவிட்டார்கள்.
பள்ளிக்கூடம் கேட்கவில்லை, ரேஷன் கடை கேட்கவில்லை,
கல்யாணப் பத்திரிகைகூட என்னை நம்பியது.
முப்பத்துநாலு வருஷம் கழித்து
பிரான்ஸ் கேட்டது.

அண்ணா மாளிகையில் மூன்று செவ்வாய்க்கிழமை.
ரசீதோடு இருநூறு, ரசீது இல்லாமல் ஐந்நூறு.
வனராணி என்று எனக்கு நானே பெயர் சூட்டி
தல்லாகுளம் பஜ்ஜிக்கடையில்
தனியாக நின்று கொண்டாடினேன்.

கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை எனக்கு.
ஊரார் வில்லங்கத்தையெல்லாம் பிரதி எடுத்தவள்
இப்போது என்னை மூன்று செட் எடுக்கிறேன்.
புதுச்சேரியில் ஒருவர் அதைப் பிரெஞ்சில் எழுதி
முத்திரை வைத்துத் தருகிறார்,
பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு.
பின்பக்கம் வெறுமையாக இருந்தால்
'பின்பக்கம் வெறுமை' என்பதையும் மொழிபெயர்க்கிறார்.

சோலைராஜா அங்கே கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர்,
சேன்-நசேர் என்கிற ஊரில், எட்டு மாதமாய்.
வாடகை அறுநூற்றுப் பத்து யூரோ என்றார்.
தொண்ணூறால் பெருக்கினேன்.
ரேட் ஏறிவிட்டதாம்; நான் தொண்ணூறிலேயே நிற்கிறேன்,
அதற்குமேல் வாய்ப்பாடு தெரியாது.
ஐம்பத்துநாலாயிரத்துத் தொள்ளாயிரம்.
வில்லாபுரம் வீட்டில் ஒன்பது மாதம் இருந்துவிடலாம்.
முடிவெட்ட இருபத்திரண்டு என்றார்.
பெருக்கினேன்.
"பெருக்காதே, பெருக்கினால் இங்கே சோறு இறங்காது.
நானே வெட்டிக்கிறேன்" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.
பின்மண்டையில்
நாலுவழிச் சாலைக்கு நிலம் எடுத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்காரம்மா ஜாமீன் கேட்கிறாளாம்.
வாடகையைப்போல் மூன்று மடங்கு சம்பளம் வாங்குகிற
அந்த ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போடணுமாம்.
சிரிப்பு வந்துவிட்டது.
என் கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில்
முகம் தெரியாதவனுக்கும் ஜாமீன் நிற்க
பதினோரு பேர் இருக்கிறார்கள், கையில் வீட்டுவரி ரசீதோடு.
தங்கமாயன் அண்ணன் இரண்டு கொலைக்கேசுக்கு நின்றவர்.
ஒரு வாடகைக்கு நிற்க மாட்டாரா?

பல்லைப் பார்த்துவிட்டு வா.
கண்ணாடி இரண்டாய் வாங்கிக்கொண்டு வா.
இங்கே டாக்டர் தேதி கொடுப்பதற்குள்
வலி பழகிவிடும், என்றார்.
கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை, நாலாயிரம்.
மரத்த வாயோடு போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்:
ஆபீஸில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்,
எழுந்திருக்க மறந்துவிடாதே.
என்ன பெயர்?
"ஓஷப்பான்."

இனிஷியலை விரித்தால் அதுதான் குடும்பப் பெயராம்.
திருமங்கலம் தாண்டி ஒரு வேலைக்கும் போகாத என் அப்பா
அந்த ஊர்த் தபால்பெட்டியில், கரண்ட் பில்லில்,
ஆஸ்பத்திரி சீட்டில் குடியேறப் போகிறார், விசா இல்லாமல்.
எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பெயர்
சின்ன எழுத்தில்
பின்னால் வருமாம்.

நேற்று அந்தியில் பழைய பேப்பர் கடைத் தராசில்
பெட்டியை ஏற்றினோம்.
இருபத்துமூன்று கிலோ நானூறு.
"நானூறு கிராம் எடும்மா" என்றார் ராவுத்தர்,
என்னவோ கறிக்கடை மாதிரி.
குக்கரில் கை வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன்.
அப்புறம் தொழில் ஞாபகம் வந்தது:
ஒரு தாள் ஐந்து கிராம்.
மூன்றாவது செட்டிலிருந்து எண்பது தாளை உருவினேன்.

எழுபத்தொன்பதை அவரிடமே போட்டேன்.
தராசைப் பார்க்காமலே ஐந்து ரூபாய்க் காசு தந்தார்.
முதல் தடவையாக, தொண்ணூறால் வகுத்தேன்.
அஞ்சரை காசு, அந்த ஊர்க் காசில்.

எண்பதாவது தாளில் 'பெண்' என்று மட்டும் இருந்தது.
அங்கே அது எதற்கும் உதவாது.
நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்;
கைப்பையை நிறுக்க மாட்டார்கள் என்கிறார்கள்.