கம்பி தாண்டும் இடம்

இரவு பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது.
வீடு திரும்பவே பத்து ஐந்து.
மிச்சம் இருபத்தைந்து நிமிடம்.
அதில் சீருடை மாற்ற இரண்டு,
சோற்றை மைக்ரோவேவில் வைத்து மறக்க ஒன்று.

வயலின் குதிரைமேல் ரப்பர் மூடியை மாட்டுகிறேன்.
எதிர்ப் புளோக்கில் யாரோ
மாஜோங் காய்களைக் கொட்டிக் கலைக்கிறார்கள்.
அவர்களுக்கும் பத்தரைதான்.

கல்யாணி. மூன்றாம் காலம்.
கரிஸநிதபமக.
எட்டு சுரம்; ஏழு என் சொல் கேட்கும்.

பஞ்சமத்தை விட்டு மத்யமத்துக்குக்
கம்பி தாண்ட வேண்டும்.
அங்கே வில் இரண்டையும் உரசிவிடும்.
இருட்டில் இறங்கும்போது
இல்லாத படியைக் கால் தேடுமே,
அப்படி ஒரு விக்கல்.

மெதுவாக வாசித்தால் வருகிறது.
பின்னாலிருந்து வாசித்தாலும்.
'பம' மட்டும் என்றால் நூறு தடவை வருகிறது.
ஈசூனில் பேருந்துக்கு நிற்கையில்
பைப்பிடியில் இடக்கை விரல்கள் வாசித்தால்
ஒரு குறையும் சொல்ல முடியாது.
எட்டையும் சேர்த்தால் விக்கும்.

பகலெல்லாம் எக்ஸ்ரே அறையில்
நான்கு மொழியில் இதையேதான் சொல்கிறேன்:
மூச்சை இழுங்க.
பிடிச்சுக்கிட்டே இருங்க.
விடலாம்.
விடும்போது எல்லாருக்கும் ஒரே முகம்.
நேற்றுதான் கவனித்தேன்:
பஞ்சமத்தில் நான் பிடிக்கும் மூச்சை
யாரும் விடச் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை மின்தூக்கியில்
பக்கத்து வீட்டு ஜுன் கியட்,
பள்ளிப்பையும் பபுள் டீயுமாக,
மாடி எண்களை அண்ணாந்து பார்த்தபடி
சீட்டியடித்தான்.
கரிஸநிதப
(விக்கல்)
மக.
அச்சு அசல் என் விக்கல்,
நீளம்கூட மாறவில்லை.
பதினோராம் மாடி வரை
செருப்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
சுவர் இத்தனை மெலிசென்றால்
ரப்பர் எதற்கு?

அவன் அதைப் பாட்டென்றே நினைத்திருக்கிறான்.

இன்று, பத்து இருபத்தாறு.
பஞ்சமம் வருகிறது. மூச்சை விடுகிறேன்.
வில் தாண்டியதே தெரியவில்லை.
எட்டும் வந்துவிட்டன.
சந்தேகத்தோடு இன்னொரு தரம்.
வந்தன.
மூன்றாவதற்கு நேரமில்லை; பயமும்தான்.

சுவருக்கு அப்பால் சீட்டி:
கரிஸநிதப
நிற்கிறது.
மறுபடி முதலிலிருந்து, கொஞ்சம் மெதுவாக.
கரிஸநிதப
தடுமாறுகிறான்.
எப்போதும் இருந்த படியை
யாரோ எடுத்துவிட்டார்கள்.

பத்தரை.
மாஜோங் ஓய்ந்துவிட்டது.
வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைக்கிறேன்.
அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.