பற்று

பத்தாங் பெர்ஜுந்தை என்றால்
கணினிக்குத் தெரியவில்லை.
பெஸ்தாரி ஜெயா என்று
ஊரின் புதுப்பேரைத் தட்டிவிட்டு
கவுன்டரில் நொரைசா நிமிர்ந்தார்:
"தாக் அடா."

பெரியாண்டி இல்லை.
பரியாண்டி, பிரியாண்டி, பேரண்டி,
துரை காதில் விழுந்திருக்கக்கூடிய
எந்த ஆண்டியும் இல்லை.
சாவு பதியாத பூட்டனுக்குச் சட்டப்படி
இந்த ஆவணியில்
நூற்றுப் பதினெட்டு வயது.

சலவைக்கடையில்
ஆடும் இயந்திரத்தின் காலுக்கு
முட்டுக் கொடுத்திருந்தது அந்தப் பேரேடு.
"எடுத்துக்கோங்க.
பதிலுக்கு ஒரு செங்கல் வச்சிட்டுப் போங்க"
என்றாள் கிராணி தாமோதரனின் பேத்தி.

செம்பனை லாரிகள் உறுமும் சாலையில்
செங்கல் தேடி அரைமணி அலைந்தேன்.

1937. மழை ஊறி ஒட்டிக்கொண்ட பக்கம்.
நம்பர் இருநூற்றுப் பதினாலு, பெரியாண்டி.
பற்று:
பலகை நாலு
ஆணி அரை ராத்தல்
சூடம்
ஆக மூன்று வெள்ளி இருபது காசு.

மறுநாள் பெரட்டில்
அதே நம்பருக்கு நேரே: ஆஜர்.
அதற்கு மறுநாளும்.
எட்டு நாள்
செத்தவர் மரம் சீவியிருக்கிறார்,
தன்னைப் புதைத்த பெட்டியின் கடனுக்கு.
பிறகு ஒரு சிவப்புக் கோடு.

பால் எடை மட்டும்
அந்த எட்டு நாளும் பாதிக்குப் பாதி.

மங்கு நிறையாத மரமா,
மழையா,
இல்லை, வாளி தூக்கிய கை சின்னதா?

பையிலிருந்து
தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தை
மறுபடி விரித்துக் கழித்துப் பார்த்தேன்.

ஒன்பது.