மூச்சைப் பிடிங்க

புரசைவாக்கம் ஸ்கேன் சென்டரில்
நாளொன்றுக்கு அறுபது மார்பு, இருபது முழங்கால்,
எப்போதாவது ஐந்து ரூபாய் விழுங்கிய குழந்தை.
"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. விடுங்க."
எல்லாருக்கும் உள்ளே என்ன என்பது
எனக்குத்தான் முதலில் தெரியும்.

வில்லிவாக்கம் வீட்டின் பின்னால்
மோட்டார் ரூமுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே
எட்டடிக்கு நாலடி மண்.
அதற்குள் என்ன என்பதுதான் தெரியவில்லை.

முதல் வருடம் பங்குனியில் விதைத்தேன்.
முளைத்தவை பதினொன்று.
சித்திரையைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டன.
இரண்டாம் வருடம் ஐப்பசி. அன்றிரவே மழை.
விதைகள் மிதந்துபோய்
துணி துவைக்கும் கல்லோரம் ஒதுங்கி முளைத்தன,
சோப்பு நுரையில் நான்கு நாள் வாழ்ந்தன.
"கேரட்டுக்கு ஊட்டி இருக்கு, உங்களுக்கு எதுக்கும்மா?"
ஹவுஸ் ஓனர் பராங்குசம்
வாடகை ரசீதோடு சேர்த்து இதையும் கிழித்துக் கொடுத்தார்.

மூன்றாம் வருடம்
ஒன்றரை அடி தோண்டி மண்ணைச் சலித்தேன்.
செங்கல், பாத்ரூம் டைல்ஸ், ஒரு டூத்பிரஷ்,
கட்டியவர்கள் குடித்த பாட்டிலின் கழுத்து,
எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி.
பிறகு இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல்,
மட்கிய தென்னை நார்.
சாணம் கொஞ்சம்தான். அள்ளிப் போட்டால்
தழை கொழுத்து, வேர் பங்கு பிரித்துக்கொள்ளும்,
சொத்து மிகுந்த வீடு மாதிரி.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு.
மழை போய்விட்டதாக நம்பி
சீரகத்தைவிடச் சின்ன விதையை மணலில் கலந்து
விரலிடுக்கில் விட்டேன்.
கோலத்தில் எனக்கு வராத நேர்கோடு அன்று வந்தது.
மேலே ஈரச் சாக்கு.
நைட் ஷிப்ட் முடிந்து வரும் ஜெயசீலன்
செருப்பைக் கழற்றுமுன்
சாக்குக்குத் தண்ணீர் தெளிப்பார்.
எதற்கு என்று கேட்டதேயில்லை.

பன்னிரண்டாம் நாள் பச்சை நூல்.
அப்புறம் அந்த வேலை.
இரண்டு விரலுக்கு ஒன்றை விட்டு
மற்றதை எடுக்க வேண்டும்.
பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும்.
நகம் வெட்டும் கத்தரியால் கழுத்தோடு வெட்டினேன்.
ஒரு தப்பும் செய்யாதவை.
உள்ளங்கையில் கேரட் வாசனை முழுசாக இருந்தது,
கேரட் இல்லாமல்.

மார்கழி. தை.
கத்தரி காய்த்தால் கண்ணுக்குத் தெரியும்.
முருங்கை காய்த்தால் தெருவுக்கே தெரியும்.
இது தழையை ஆட்டிக்கொண்டு சும்மா இருந்தது.
"எக்ஸ்ரே எடுத்துப் பாக்கலாமே ஆன்ட்டி?"
மாடி வீட்டு நிகிலன்.
அதற்கு அடியில் ஒரு பிளேட் வைக்கணும்டா, என்றேன்.
இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மண்ணுக்கு மேல் ஆரஞ்சுத் தோள்கள்.
வெயில் பட்டால் பச்சை பாய்ந்து கசக்கும்.
மண்ணை அணைத்து மூடினேன்.
தெரிந்த கொஞ்சமும் போயிற்று.

அந்த வாரம்தான் சென்டரில் ஒரு பெண்
ரவிக்கை ஊக்கை மாட்டிக்கொண்டே கேட்டாள்,
"படத்துல என்னம்மா தெரியுது?"
நாங்கள் சொல்லக் கூடாது.
டாக்டர் சொல்லுவாங்க, என்றேன்.
எனக்குத் தெரிந்திருந்தது.

மாசி பதினெட்டு.
தழையைச் சேர்த்துப் பிடித்து
மூச்சை இழுத்து, பிடித்து,
வந்தது.

விரல் நீளம். பாதியில் இரண்டாகப் பிரிந்து
கால்மேல் கால் போட்டிருந்தது.
இடுக்கில் ஒரு வெள்ளை டைல்ஸ் சில்லு,
மூன்று முறை சலித்த என் கண்ணுக்குத் தப்பியது.
அடுத்தது நேர். அதற்கடுத்தது நேர்.
ஆக முப்பத்தொன்று, ஒன்றேகால் கிலோ.
பராங்குசத்துக்கு நாலு கொடுத்தேன்.
"கடையில கிலோ நாப்பது" என்றார்,
அங்கேயே ஒன்றைக் கடித்துக்கொண்டு.

இரட்டைக் கால்காரனை மட்டும்
டிபன் பாக்ஸில் வைத்து சென்டருக்குக் கொண்டுபோனேன்.
ஆள் இல்லாத மதியம், மேசையில் கிடத்தி,
கதவைச் சாத்தி, பட்டனில் கை வைத்தபோது
பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது:
மூச்சைப் பிடிங்க.
சில்லை இறுகப் பிடித்தபடி
அது அசையாமல் படுத்திருந்தது.