அளவு: சுழியம்

ஈயக் குடுவைக்குள் ஒரே ஒரு மாத்திரை.
தள்ளுவண்டியில் வைத்து
ஆறாம் அறைக்குக் கொண்டுபோகிறேன்.
கோரிமேட்டில் மின்சாரம் போய் வந்த காலை.
படுக்கையில் அமலோர் மிசே,
கழுத்துத் தையல் இன்னும் சிவப்பு.
"இதுவும் அதுதானா?" என்கிறார்.
அதுதான் மிசே.
அயோடின் நூற்று முப்பத்தொன்று.

நெல்லித்தோப்பிலிருந்து போன சொல்தா.
எழுபதாம் வருஷம், பசிபிக்கில் ஒரு பவளத் தீவு,
பட்டாளச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிப்பு.
குண்டைப் பலூனில் கட்டி மேலே விட்டார்களாம்.
முதுகு காட்டி உட்கார், கண்ணைக் கையால் பொத்து என்று உத்தரவு.
பொத்திய கண்ணுக்குள்
தன் விரலெலும்பை எண்ண முடிந்தது என்றார்,
எக்ஸ்ரே மாதிரி.
பத்து வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள் நான். நம்பினேன்.

பிறகு மழை.
வெயிலில் வெந்த பையன்கள் சட்டையைக் கழற்றி நனைந்தார்கள்.
சாயங்காலம் மீன் பொரித்தார்கள்.
வாணலியை இவர்தான் தேய்த்தார்.

பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள்:
ஒரு நியூட்ரான் கனத்த அணுவில் முட்டும்,
அணு பிளக்கும்,
பிளந்ததிலிருந்து இரண்டு மூன்று தெறிக்கும்,
தெறித்தது ஒவ்வொன்றும் இன்னொன்றை முட்டும்.
எண்பது தலைமுறை,
இமை கீழே வருவதற்குள் வம்சமே முடிந்துவிடும்.
சாத்துக்குடி அளவு உலோகத்தில்
கடைசியில் ஒரு கிராம் கணக்கில் வராது.
நேரு வீதி அடகுக்கடைத் தராசில்
மோதிரத்துக்குக்கூடப் போதாத அந்த ஒரு கிராம்தான்
ஊரைத் தின்பது.

கணக்கில் வருவதெல்லாம் தூள்.
எங்களுக்குப் பயம் அதனிடம்தான்.
வெடிக்கு ஒரு நொடி, தூளுக்கு ஆயுசு.
ஸ்ட்ரான்சியத்தைச் சுண்ணாம்பு என்று நம்பி
எலும்பு கதவைத் திறந்துவிடும்.
சீசியம் மண்ணில் இறங்கும்,
முப்பது வருஷத்தில் பாதியாகும்,
அந்தப் பாதி பாதியாக இன்னும் முப்பது.
புளூட்டோனியம் பாதியாக இருபத்து நாலாயிரம்;
அதுவரை எந்த முனிசிபாலிட்டிப் பலகை நிற்கும்?
அயோடினுக்கு எட்டே நாள்.
எட்டு நாள் போதும்.
தொண்டைச் சுரப்பிக்கு நல்லது கெட்டது தெரியாது,
உப்பில் வந்தாலும் மழையில் வந்தாலும்
ஆசையாக வாங்கி வைத்துக்கொள்ளும்.

நஷ்டஈடு கேட்டுப் பாரீசுக்கு எழுதினார்.
பதினாலு மாதம் கழித்துப் பதில்:
தங்களுக்கு வழங்கப்பட்ட ஃபிலிம் பட்டையில்
பதிவான அளவு: சுழியம்.
"பட்டையை வாங்கி மேசை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டாங்க," என்றார்.
"டிராயருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினார்.
அந்த நிமிஷத்திலிருந்து கதிர் அவரிடமிருந்து வரும்.
வாசலுக்கு நகர்ந்து மீட்டரை நீட்டினேன்.
முள் எழுந்து நின்றது.
ஐம்பத்து நாலு வருஷம் தாமதமாக
ஒரு கருவி அவரை ஒப்புக்கொண்டது.

ரெண்டு தடவை தண்ணி ஊத்துங்க.
வீட்டுக்குப் போனாலும் பேத்தியை மடியில் வைக்காதீங்க.
மதாம் ஆறடி தள்ளி.
"அங்க யாரும் இப்படி ஒரு வார்த்தை சொல்லலையே."

என் சட்டையில் குத்தியிருந்த பட்டையையே பார்த்தார்.
மூணு மாசத்துக்கு ஒரு தடவை போய் வரும் என்றேன்.
போன தடவை?
புள்ளி ஒன்று இரண்டு மில்லிசீவர்ட்.
"அதுல ஒரு ஜெராக்ஸ் குடும்மா,
ஃபைல்ல வைக்கணும்.
பட்டை போட்டா நம்பர் வரும்னு அவங்களுக்குக் காட்டத்தான்."
விதியில் இடமில்லை.
கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பக்கம்
பெத்தாங் ஆடும் மண்தரையில் பார்த்தேன்.
அவர் வீசிய இரும்புக் குண்டு
கூடி நின்றவற்றின் நடுவில் போய் விழ
எல்லாம் சிதறின.
மற்றவர்கள் கைதட்ட,
அவர் சிதறியதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.
மதாம் காபித் தூக்கோடு சரியாக ஆறடி தள்ளி.
தெருநாய்க்கு மட்டும் யாரும் சொல்லவில்லை,
அவர் கழற்றிவிட்ட செருப்பின் மேல்
தலைவைத்துத் தூங்குகிறது.