முழு இழப்பு

சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்.
என் தொழிலில் முதல் பாடம் இதுதான்.
தரைவிரிப்பை மாற்றிவிடுவார்கள்,
கதவிடுக்கில் எலுமிச்சை வாசனை அடிப்பார்கள்,
எஞ்சினுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி
மாப்பிள்ளை போல் நிறுத்துவார்கள்.
பெல்ட்டின் அடிநுனியை மட்டும்
ஒருவரும் துவைப்பதில்லை.

குத்தாயிசியில், ரியோனி ஆற்றுப் பாலத்தை ஒட்டிய
எங்கள் கிளை அலுவலகத்துக்கு
சாம்பல்நிற சுபாருவில் வந்து இறங்கினாள்
லாமாரா மார்கியானி.
மெஸ்தியா மலைக்கு ஆள் ஏற்றிப் போகிறவள்.
ஒரு கையில் கப்பல் ரசீது, சுங்கச் சீட்டு,
ருஸ்தாவி சந்தையில் மடித்துக் கொடுத்த விற்பனைத் தாள்.
மறு கையில் பாதி கடித்த பீன்ஸ் ரொட்டி.

"முழுக் காப்பீடு" என்றாள்,
ஓட்டலில் முழுச் சாப்பாடு சொல்வதுபோல.

இழுத்தேன்.
மூன்று முழம் நல்ல கறுப்பு.
நாலாவது முழத்தில் பழுப்பாக ஒரு கோடு,
அடிகோல் வைத்துப் போட்ட மாதிரி.
அதற்குப் பின்னால் சேறு.
லூசியானாவில் ஏதோ ஒரு தெருவில் ஏறிய வெள்ளம்
இன்ன உயரம் வந்தேன் என்று
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பதினேழு இலக்க எண்ணைத் தட்டியதும்
திரையும் அதையே சொன்னது.
அந்த ஊர்க் கம்பெனி ஒன்று இதைப் பார்த்து
முழு இழப்பு என்று எழுதி,
உடையவருக்குப் பணத்தைக் கொடுத்து,
கணக்கை முடித்துவிட்டது.
கருமாதி முடிந்த ஒன்று
கடல் தாண்டி வந்து வரிசையில் நின்று
காப்பீடு கேட்கிறது.

"செத்ததா? ஓட்டிப் பாரய்யா"
சாவியை வீசினாள்.

ஓட்டினேன்.
நன்றாக ஓடியது. அதுதான் சங்கடம்.
முள் மைலில் காட்டுகிறது,
படிவம் கிலோமீட்டரில் கேட்கிறது.
ரேடியோ தானாக விழித்து
எங்கள் ஊரில் இல்லாத நிலையங்களையே
ஒவ்வொன்றாகத் தேடி இரைகிறது.
இருக்கைக்கு அடியில் விரல் விட்டால்
ஒரு சிவப்புப் பொத்தான்,
சீப்பின் மூன்று பல்.

முன்சேதம்: உண்டு / இல்லை. உண்டெனில் விவரிக்க.
விவரிக்க ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.
பேனாவின் மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
என் வண்டியும் போத்தி துறைமுகத்தில் இறங்கியதுதான்.
ஆறு வருஷமாகிறது.
அதன் பெல்ட்டை நான்
தேவைக்கு மேல் இழுத்ததில்லை.

மேலாளர் ஸ்வியாதுக்குப் போன் போட்டேன்.
"மூன்றாம் நபருக்கு மட்டும்" என்றார்,
சூப் உறிஞ்சும் சத்தத்துக்கு நடுவே.

அவளுக்கு விளக்கினேன்:
இந்த வண்டி எதையாவது இடித்தால்,
பாதையில் படுத்த பசுவை, ஒரு வேலியை,
மூச்சிரைக்க மலை ஏறும் டச்சுக்காரரின் சைக்கிளை,
நாங்கள் பொறுப்பு.
இதன்மேல் மலை சரிந்தால்,
ஆறு மறுபடி ஏறி வந்தால்,
எங்களுக்கு இது ஏற்கெனவே இல்லாத பொருள்.

ரொட்டியை மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்:
"அடுத்தவனை இடிக்கும் வரைக்கும்
இதற்கு உயிர் உண்டு. அப்படித்தானே?"

ஏறக்குறைய, என்றேன்.

பணத்தை எண்ணி வைத்தாள். ஒரு நோட்டில்
பீன்ஸ் ஒட்டியிருந்தது, துடைத்துக் கொடுத்தாள்.
வெளியே மூட்டைகளோடு மூன்று பேர்
மழைக்கோட்டை மாட்டியபடி காத்திருந்தார்கள்.

நான் இழுத்துவிட்ட பெல்ட்
இன்னும் கதவுக்கு வெளியே தொங்கியது.
விட்டால் சுருளவில்லை.
உள்ளே மணல் அரைபட, பாதியில் நின்றது.
அவள் ஒரு தட்டுத் தட்டினாள், தெரிந்த இடத்தில்.
சேறு போயிற்று, கோடு போயிற்று.

பிறகு சுத்தமான மூன்று முழத்தை மட்டும்
அளந்து வெளியே எடுத்து
மார்பின் குறுக்கே மாட்டிக்கொண்டாள்.