எந்த ஊர்னு போட?

செல்லம்பட்டி மண்டபத்தில், மொய் வரிசையில்,
எனக்கு முன்னால் ஒச்சப்பன்.
மைக்கில் வாசித்தார்கள்:
"குவைத் ஒச்சப்பன், பத்தாயிரத்து ஒண்ணு."
பந்தியில் சாம்பார் வாளிகூட ஒரு நொடி நின்று போனது.

அடுத்து நான்.
"எந்த ஊர்னு போட?"
எழுதுகிறவருக்கு என்னைத் தெரியும்.
உசிலம்பட்டியில் என் கடையில்தான்
அவர் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினேன்.
மாதம் இருபத்திரண்டாயிரம் நிற்கிறது. கடன் கிடையாது.
பின்னால் மாமனார் தொண்டையைச் செருமினார்.

"துபாய்னு போடுங்க" என்றேன்.
கையில் வைத்திருந்தது ஐந்நூறு.
துபாய்க்கு அது காணாது.
மனைவியின் பர்ஸை வாங்கி ஐயாயிரமாக்கினேன்,
பள்ளிக்கூட வேனுக்கு வைத்தது.

விசா இல்லை. பாஸ்போர்ட்டே இல்லை.

இருட்டுவதற்குள் அவளுக்குப் பதினோரு போன்.
எல்லாரிடமும் "ஆமா" என்றாள்
என் முகத்தைப் பார்க்காமல்.
திங்கட்கிழமை மகள் வகுப்பில் மிட்டாய் கொடுத்துவிட்டாள்.
ஐயாயிரத்துக்கு ஜாமீன் கேட்ட வட்டிக்காரர்
தானாக வந்து, ரெண்டு லட்சம் போதுமா தம்பி என்றார்.
மாமனார் மாப்பிள்ளை என்று கூப்பிட்டது
எட்டு வருஷத்தில் முதல் தடவை.
ராத்திரி நெஞ்சு அடைக்கிறது.
வாயு என்று சோடா குடிக்கிறேன்.

இன்று மதுரை பாஸ்போர்ட் ஆபீஸ்.
ஏன் போகிறாய் என்று
படிவத்தில் எங்கேயும் கேட்கவில்லை.
பக்கத்து நாற்காலிப் பையன்தான் கேட்டான்,
"அங்க போயி என்ன வேலைண்ணே?"

"காயில் கட்டணும்."

"இங்க?"

ஏதோ ஒரு டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.
என்னுடையது இல்லை.
எழுந்துவிட்டேன்.